மாமல்லபுரத்தில் அவருக்கு வைத்தியம்

சனிக்கிழமை காலை ஏழே முக்கால். செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினோம். டிக்கெட் தலைக்கு இருபத்தெட்டு ரூபாய். கல்யாணமான ஏழு வருடத்தில் நானும் என் கணவரும் சேர்ந்து கடற்கரைக்குப் போவது இதுதான் முதல் தடவை. இத்தனைக்கும் முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத ஊர். வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அங்கே போக ஒரு வியாதி தேவைப்பட்டது.

வியாதி அவருக்கு. ஆண்மைக் குறைவு என்று சுவரெல்லாம் விளம்பரம் எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான். நாலைந்து வருடமாகவே விறைப்பு வருவதில்லை. மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறார். கூட வேலை செய்கிற யாரோ சொல்லி, அதிர்வலை சிகிச்சை தரும் கிளினிக் ஒன்றைப் பிடித்தார். செங்கல்பட்டில் காட்டினால் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களாம். குழந்தை இல்லையென்று தெருவே பார்க்க என்னை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்துப்போனது மட்டும் பரவாயில்லை. ஸ்கேன், ஊசி, கர்ப்பக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் எனக்குத்தான். ‘புருஷன் பொண்டாட்டி சேர்ந்து இருக்கீங்களா?’ என்று டாக்டரம்மா கேட்கும்போது பக்கத்தில் மாமியார் நிற்பார். இருக்கோம் என்பேன். என் கணவர் மானம் போகக் கூடாதே.

எட்டே கால் மணிக்குத் திருக்கழுக்குன்றம். எங்கள் எதிர்வீட்டு சரோஜாக்கா அங்கே ஏறினார். கோயிலுக்கு வந்துவிட்டு மகளைப் பார்க்கப் போகிறாராம். பின் சீட்டில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா குமாரு, சோடியா எங்க போய்கினு கீறீங்க?”

“மகாபலிபுரம்க்கா. ஆஸ்பத்திரிக்கு.”

“யாருக்கு?”

அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “இவளுக்குத்தான்க்கா. புதுசா ஒரு மிசினு வந்துகீதாம்.”

சரோஜாக்கா என் தோளைத் தட்டினார். “கவலப்படாதம்மா. இந்தத் தபா தங்கிடும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சவுக்குத் தோப்புகளும், மனை விற்பனைப் பலகைகளும் போய்க்கொண்டே இருந்தன.

கிளினிக், பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் போனோம். சங்கு மாலை விற்கும் கடைக்கு மேல் மாடி. டாக்டர் இருவரையும் உட்கார வைத்தார்.

“சுகர் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?”

“நிறுத்திட்டேன் சார். அத்த போட்டா நரம்பு தளந்துடும்னு கம்பெனி பஸ்ல சொன்னாங்கோ.”

இது எனக்கே புதுச் செய்தி. தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரையும் தண்ணீரும் எடுத்து வைப்பவள் நான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ரத்தக் குழாயைக் கெடுக்கிறதே சர்க்கரைதான். அதைக் கட்டுப்படுத்தாம மெஷினை மட்டும் நம்பக் கூடாது. இது சிலருக்கு ஓரளவு உதவுது, சிலருக்கு உதவுறதில்லை. வாரம் ஒரு தடவை, ஆறு வாரம் பார்க்கலாம். ஆனா உத்தரவாதம் தர மாட்டேன்.”

நல்ல மனிதர். இவ்வளவு நேராக என்னிடம் எந்த டாக்டரும் பேசியதில்லை.

சிகிச்சை திரைக்குப் பின்னால் நடந்தது. ஸ்கேனுக்குத் தடவுவது போன்ற பசையைத் தடவி, கையடக்கக் கருவி ஒன்றை வைத்து அழுத்துகிறார்கள். டக்டக்கென்று சத்தம் மட்டும் கேட்டது. வெட்டுவதில்லை, ஊசி இல்லை, இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. வலித்ததா என்று கேட்டேன். எறும்பு கடித்த மாதிரி என்றார். கர்ப்பக்குழாய் எக்ஸ்ரே எடுத்த அன்று நான் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டதாம். இதையும் அவர்தான் அன்றைக்குச் சொன்னார்.

பதினொன்றரை மணிக்குக் கடற்கரைக் கோயில். வெயிலில் எதற்கு என்றார். நான் விடவில்லை. உள்ளே போக ஆளுக்கு நாற்பது ரூபாய். கோயிலைச் சுற்றி சோடி சோடியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களையும் ஒன்று எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டபோது இவர் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

“உங்கம்மாகிட்ட இன்னிக்காவது சொல்லுங்க. கொறை எனக்கில்லன்னு. அது போதும் எனக்கு” என்றேன்.

“சொல்றேன்” என்றார், கடலைப் பார்த்துக்கொண்டு. நம்பினேன். திரும்பும் வழியில் வேர்க்கடலை வாங்கித் தந்தார், அதையும் சந்தோஷமாகத் தின்றேன்.

ஒன்றே கால் மணி பஸ்ஸில் உட்கார்ந்ததும் மாமியார் அவருக்கு போன் செய்தார். சரோஜாக்கா அதற்குள் செய்தியைச் சேர்த்துவிட்டார். மாமியார் குரல் எனக்கும் கேட்டது.

“இன்னாடா, மிசினு வெச்சாங்களா?”

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன்.

“வெச்சாங்கம்மா. ஆறு வாரம் வரச் சொல்லிகீறாங்க.”

“அவ வலி தாங்கனாளா?”

“தாங்கிக்கினா.”

எனக்கு அழுகை வரவில்லை. வெறுப்புதான் வந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வரும்வரைக்கும் நோயாளி நான்தான். என்னைக் கூட்டிக்கொண்டு வந்ததே அதற்குத்தான்.

“அடுத்த வாரம் நீங்க மட்டும் போய்ட்டு வாங்க” என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். “தனியா போனா, கேக்கறவங்ககிட்ட யாருக்கு வைத்தியம்னு சொல்றது?”

“எனக்குத்தான்னு சொல்லுங்க. நான் இத்தினி வருசமா அப்படித்தான் சொல்லிகினு இருந்தேன்.”