வராத அப்பாவின் பிஸ்கட்

என் நாத்தனார் மாதிரி வீம்பு பிடித்த மனுஷியை நான் பார்த்ததில்லை. பேக்கரியில் காலையிலிருந்து நின்றபடியே ரொட்டியைத் துண்டு போட்டு உறையில் கட்டுகிற வேலை. கால் வலிக்கிறது என்று ஒரு நாள் வாய் திறந்து சொன்னதில்லை. கட்டிய புருஷன் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கம்பி நீட்டியபோதும் அப்படித்தான், தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. என் கணவருக்கு அக்கா என்பதால் நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அந்த மரியாதை குறையாமல்தான் இத்தனை நாளும் திட்டியிருக்கிறேன்.

அந்த ஆள் லாரி ஓட்டுபவன். அதுவே அண்ணிக்கு வசதியாகப் போய்விட்டது. மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லாதவன் முழு மாதமும் காணாமல் போனால் யாருக்கு உடனே தெரியும்? கேட்டவர்களிடமெல்லாம், "லோடு ஏத்திக்கிட்டுத் தூரமாப் போயிருக்காரு" என்று சொல்லிவிடுவார். உண்மையில் அவன் இன்னொரு ஊரில் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். என் கணவர் தேடிப் போய்ப் பார்த்துவிட்டே வந்தார். "இனிமே இந்தப் பக்கம் வராத மச்சான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினானாம். என்ன ஒரு பாசம்!

அவன் விட்டுப்போன சட்டை ஒன்று இருந்தது, நீலக் கட்டம் போட்டது. வாரத்துக்கு ஒரு முறை அதை நனைத்துப் பிழிந்து, தெருவுக்குத் தெரிகிற மாதிரி மாடிக் கொடியில் காயப்போடுவார் அண்ணி. ஆம்பளை இல்லாத வீடு என்று தெரிந்தால் வீட்டுச் சொந்தக்காரரின் பேச்சு மாறும், போகிறவன் வருகிறவன் பார்வை மாறும் என்பது அவர் நினைப்பு. அந்த நினைப்பு முழுக்கத் தப்பு என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டையோடு நிறுத்தியிருக்கலாம்.

இளையவளை நாங்கள் குட்டி என்போம். அவன் போனபோது அவளுக்கு நான்கு வயது. "அப்பா எப்ப வருவாரு?" என்று கேட்டுக் கேட்டு அண்ணியைத் துளைத்துவிட்டாள். பேக்கரியில் உடைந்த பிஸ்கட்டுகளை வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் அண்ணி அதில் நாலைந்தைக் காகிதத்தில் பொதிந்து, தூங்குகிற பிள்ளையின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். விடிந்ததும், "அப்பா வந்துட்டுப் போனாருடி, நீதான் தூங்கிட்ட" என்றார். அன்றைக்குக் குட்டி துள்ளிய துள்ளலைப் பார்த்த பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. பெரியவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாத குணம் அவனுக்கு அம்மாவிடமிருந்து வந்தது.

பிள்ளைகளோடு கைவிடப்பட்ட தாய்மாருக்கு மாதாமாதம் அரசு உதவித்தொகை தருகிறார்கள் என்று முதல் மாதமே நான் விசாரித்து வந்து சொன்னேன்.

"அதுக்கு நான் என்ன சொல்லணும்?" என்றார் அண்ணி.

"அவர் விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்லணும்."

"அதைச் சொல்லிட்டு இந்தத் தெருவுல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடக்கிறது?"

"நடக்க வேணாம் அண்ணி. தலை நிமிர்ந்து பட்டினி கிடங்க."

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. நானும் போகவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

இப்படியே இரண்டு வருடம் போயிற்று. வீட்டு வாடகை ஏறியது, ரொட்டி கட்டும் கூலி ஏறவில்லை. அண்ணி காதில் போட்டிருந்தது போயிற்று, பிறகு மிக்ஸி போயிற்று. பெரியவன் ஒரு நாள் புத்தகப் பையை ஆணியில் மாட்டிவிட்டு, "நாளையிலேர்ந்து நான் பேக்கரியில மாவு மூட்டை தூக்கப் போறேம்மா, முதலாளிகிட்டக் கேட்டுட்டேன்" என்றான். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை அவன். அன்றைக்குத்தான் அண்ணியின் வீம்பு இறங்கியது. எனக்கு போன் செய்து, "அந்த ஆபீஸ் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார். உதவித்தொகை வரும்வரை பள்ளிக்குப் போ என்று பெரியவனைக் கெஞ்சி அனுப்பிவிட்டு, விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தோம்.

விசாரிக்க வந்த அதிகாரி அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். அண்ணி வேலையில் இருந்தார். குட்டி கீழ்வீட்டுத் தையல்காரரின் கடையில் உட்கார்ந்து வெட்டுத்துணியில் பொம்மைக்குப் பாவாடை கட்டிக்கொண்டிருந்தாள். அதிகாரி தையல்காரரைக் கேட்டார். அவர், "தங்கமான மனுஷன்மா. போன வாரம்கூட வந்துட்டுப் போனாரு. அதோ பாருங்க, சட்டை காயுது" என்று மேலே கை காட்டினார். அதிகாரி குனிந்து குட்டியைக் கேட்டார்.

"அப்பா நேத்துகூட வந்தாரே! எனக்கு பிஸ்கட் வெச்சிட்டுப் போனாரு" என்றாளாம் குட்டி, பெருமையாக.

விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. கீழ்வீட்டுத் தையல்காரரும் குழந்தையும் சொன்னதிலிருந்து, கணவர் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருப்பதாகத் தெரிகிறது என்று கடிதம் வந்தது. படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் நேராகத் தையல்காரரிடம்தான் போனேன். அண்ணியும் பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஏண்ணே, கண்ணால பார்த்த மாதிரி அளந்து விட்டிருக்கீங்க! அவர் வந்ததை எப்ப பார்த்தீங்க?"

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "எங்கம்மா பார்த்தேன்? ரெண்டு வருஷமா காலர்ல அழுக்கே ஏறாம வெளுத்துக்கிட்டே போற சட்டையைத்தான் பார்த்தேன். எங்க எல்லாருக்கும் தெரியும். தங்கச்சி இவ்வளவு பாடுபட்டு மறைக்குது, வெளியாளு ஒருத்தர் வந்து கேட்டா நான் போட்டு உடைச்சிடுவேனா?"

அவரை என்ன சொல்லித் திட்டுவது? அண்ணியின் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த மனுஷன் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார். அண்ணி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "எல்லாருக்கும் தெரியுமா? அப்ப யாருக்காக இத்தனை நாளும் துவைச்சேன்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் போகவில்லை.

மறுபடியும் அலுவலகத்துக்குப் போய்க் கால் கடுக்க நின்றோம். தையல்காரரும் வந்து, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். அதிகாரி அம்மா கெட்டவரில்லை. ஆனால் அசைந்து கொடுக்கவில்லை.

"பெரியவங்க இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க, நாளைக்கு ஒண்ணு சொல்றீங்க. குழந்தை ஏம்மா பொய் சொல்லப் போகுது? நாளைக்கு அவளைக் கூட்டிட்டு வாங்க. அவகிட்டத் திரும்பக் கேட்டுட்டு முடிவு பண்றேன்."

வருகிற வழியில், குட்டியிடம் நான் சொல்கிறேனே என்று அண்ணியிடம் கேட்டுப் பார்த்தேன். "பொய் சொன்னது நான். நான்தான் சொல்லணும்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பெரியவன், "வேணாம்மா, பணமே வேணாம். நான் வேலைக்கே போறேன். அவகிட்டச் சொல்லாத" என்றான். அண்ணி அவன் பையை ஆணியிலிருந்து எடுத்து அவன் மடியில் வைத்துவிட்டு, குட்டியைக் கூப்பிட்டார். ஒரே அறைதான் அந்த வீடு, எழுந்து போக இடமில்லாமல் நாங்களும் இருந்தோம்.

"குட்டி, அப்பா பிஸ்கட் வைக்கலடி. அம்மாதான் வெச்சேன்."

"நேத்தா?"

"எல்லா நாளும்."

குட்டி யோசித்தாள். "பூப் போட்ட பிஸ்கட்?"

"அதுவும்தான்."

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ? நெத்தியில முத்தம் குடுத்தாருன்னு சொன்னியே?"

"அதுவும் அம்மாதான்."

"அப்ப அப்பா ஒரு தடவைகூட வரலையா?"

அண்ணி இல்லை என்று தலையாட்டினார். எங்களையெல்லாம் அவன் விட்டுப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. குட்டியை அன்றைக்குத்தான் விட்டுப்போனான். அவள் அழுதிருந்தால் தூக்கி வைத்துச் சமாதானம் சொல்லியிருக்கலாம். அழாமல் எழுந்து போய்த் தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

மறுநாள் அதிகாரி கேட்டபோது தெளிவாகச் சொன்னாள். "அப்பா வர்றதே இல்ல. அம்மாதான் பொய்யா பிஸ்கட் வெச்சாங்க." அதிகாரி அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டு, "முதல் மாசமே நீ சொன்னதைக் கேட்டிருந்தா இவகிட்ட இப்படிச் சொல்ற ஒரு நாள் வந்திருக்காதே" என்றார். நான் அன்றே சொன்னேனே என்பது நாக்கு நுனி வரை வந்தது. பிறகு பார்த்தால், என் ரோஷத்தை விட்டுவிட்டு நானும் இன்னொரு தடவை போய்ச் சொல்லியிருக்கலாம். எத்தனை வீம்புக்காரி என்றாலும் இரண்டாவது தடவை இளகியிருப்பார்.

பெரியவன் இப்போது பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறான். சட்டையை அண்ணி கிழித்து அடுப்படித் துணி ஆக்கிவிட்டார். முதல் மாதப் பணம் வந்த அன்று வாடகை பாக்கியைக் கொடுத்துவிட்டு, குட்டிக்கு ஒரு புதுப் பை வாங்கி வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். குட்டி பையைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

"இது யாரு குடுத்தது?"

"கவர்மெண்டுல பணம் குடுத்தாங்கல்ல, அதுல வாங்கினது."

"நிஜமாவே அவங்க குடுத்தாங்களா, இல்ல நீயே வெச்சியா?"

அண்ணி போனை எடுத்து, பணம் வந்த குறுஞ்செய்தியை அவள் முன்னால் பிடித்தார். குட்டி விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கடைசிவரை படித்தாள். அதற்குப் பிறகுதான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.