மிச்ச இறகு எங்கே?

துறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பல் போன பெரியவர்கூட, "அக்கா, கொஞ்சம் நில்லு, நானும் வரேன்" என்றுதான் கூப்பிடுவார். ஏரியின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகுகளில் ஒன்று அவளுடையது. மற்றவற்றை ஆண்கள் ஓட்டினார்கள். அதைப் பற்றி அவளுக்குப் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. ஓட்டத் தெரியும், ஓட்டினாள், அவ்வளவுதான்.

படகின் பின்னால் மாட்டியிருந்த எஞ்சின் வாங்கும்போதே கிழடு. நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்களையும் அவள் அதே எஞ்சினில்தான் அக்கரையில் கொண்டுபோய் விட்டாள். அதன் ஒவ்வொரு திருகையும் தன் கையாலேயே கழற்றி மாட்டியிருந்தாள், தலைப்பகுதியைத் தவிர. அங்கே போல்ட்டுகளைத் துரு தின்றிருந்தது. ஒன்று ஒடிந்து உள்ளே மாட்டிக்கொண்டாலும் எஞ்சின் பழைய இரும்புதான் என்பதால் அந்தப் பக்கமே போகாமல் இருந்தாள்.

அவள் கணவர் ஆயத்த ஆடைக் கம்பெனி ஒன்றில் தையல்காரர். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது சத்தம் போடும் என்பது மட்டும்தான்.

அந்த எஞ்சின் சூடாகி நின்றுபோக ஆரம்பித்தது. முதல் தடவை நின்றபோது படகில் இருந்தவர்கள் சிரித்துச் சமாளித்தார்கள். இரண்டாவது தடவை, காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த படகு கயிறு கட்டி இழுத்துப் போகும்வரை அந்த மனிதர் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் படகுச் சங்கச் செயலாளர் அவளைக் கூப்பிட்டார். அவரும் படகு ஓட்டுபவர்தான், பொல்லாதவர் இல்லை.

"உம்மேல கோவமில்லக்கா. ஆனா இன்னொரு தடவ நடுத்தண்ணில நின்னுச்சுன்னா, உன் நடைய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். திங்கக்கிழம மொத நடைக்கு நானே உங்கூட வர்றேன்."

நடை போனால் படகு வெறும் மரம். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தத் துறையில் எஞ்சினுக்கு வைத்தியம் பார்க்காதவர்கள் கிடையாது. இந்த வகை எஞ்சின் கீழேயிருந்து ஏரித் தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பி, தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அடையாளமாகப் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை வழியாக மெல்லிய தாரை பீச்சும். அந்தத் தாரைக்குத் துறைக்காரர்கள் வைத்த பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை, நீங்கள் நினைப்பதேதான். அது போனால் எஞ்சின் நலம், போகாவிட்டால் ஆபத்து. அவர்களுடைய வைத்தியம் மொத்தமும் இதுதான். அக்காவின் எஞ்சினிலும் தாரை போய்க்கொண்டிருந்தது. பிறகு ஏன் கொதிக்கிறது என்று கேட்டால் ஆளாளுக்கு உதட்டைப் பிதுக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் எஞ்சினை மரச்சட்டத்தில் மாட்டி, தண்ணீருக்குள் இருக்கும் கீழ்க்காலைக் கழற்றித் தண்ணீர் பம்பைத் திறந்தாள். உள்ளே சுற்றும் ரப்பர் சக்கரத்துக்கு ஆறு இறகு இருக்க வேண்டும். மூன்றுதான் இருந்தன. ஆள் அகப்பட்டுவிட்டான் என்று அக்காவுக்கு உயிர் வந்தது. புதுச் சக்கரம் போட்டு மூடினாள். நீலப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை அதில் இறக்கிக் கயிற்றை இழுத்தாள். தாரை பிரமாதமாகப் போனது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு, விரலில் தண்ணீர் தொட்டுத் தலையின் மேல்பாகத்தில் தெளித்தாள். சுர்ரென்று ஆவியாகிப் போனது. எஞ்சினை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கணவர் டீயோடு வந்தார். சும்மா இருக்காமல் பழைய சக்கரத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல மூணு இறகக் காணோமே."

"ஒடஞ்சு போச்சு. அதான் புதுசு போட்டிருக்கேன்."

"ஒடஞ்சதெல்லாம் எங்க?"

"தண்ணியோட எங்கயாவது போயிருக்கும். நீங்க வேற, நானே நொந்துபோய் இருக்கேன்."

"எங்க கம்பெனில ஊசி ஒடஞ்சா அப்படி விட மாட்டாங்க" என்றார் அவர். "எல்லாத் துண்டும் கிடைக்கற வரைக்கும் மெஷின் ஓடக் கூடாது. துண்டுகள அட்டைல முழு ஊசியா ஒட்டிக் காட்டினாத்தான் புது ஊசியே தருவாங்க. இல்லன்னா ஏதோ ஒரு கொழந்த சட்டைக்குள்ள போய் உக்காந்துக்கும்."

எஞ்சின் விஷயத்தில் தையல்காரர் மூக்கை நுழைக்கிறாரே என்று அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். தண்ணீர் எங்கே போகிறது? மேலே. அப்படியானால் துண்டும் மேலேதான் போயிருக்கும். தாரைக்கான குழாய் தலைக்குக் கீழேயே பிரிந்துவிடுகிறது. அதற்கு மேலே அடைத்திருந்தால் தாரை பாட்டுக்குத் தாரை போகும், தலை பாட்டுக்கு வேகும். இத்தனை வருஷத்தில் எத்தனை சக்கரம் மாற்றியிருப்பாள், ஒரு தடவையாவது இறகை எண்ணியிருப்பாளா?

"தலையத் தொறக்கணும்" என்றாள்.

"தொற."

"போல்ட் ஒடஞ்சா நாளைக்கி நடையும் இல்ல, எஞ்சினும் இல்லங்க."

அப்படியே மூடிவைத்து, நாளைக்கு ஒரு நடை மட்டும் மெதுவாக ஓட்டித் தப்பித்துவிடலாமா என்றும் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அந்தக் குழந்தையின் அப்பா முகம் கண்முன் வந்தது. ஆனது ஆகட்டும் என்று ஸ்பேனரை எடுத்தாள்.

எண்ணெய் விட்டு ஊறவைத்து, இரவல் வாங்கிய கேஸ் டார்ச்சால் ஒவ்வொரு போல்ட்டையும் சுற்றிச் சூடுகாட்டினாள். பிறகு ஸ்பேனரை மாட்டி இம்மியளவு இறுக்கினாள்.

"கழட்டணும்னா ஏன் இறுக்கற?"

"துருவோட பிடி விடணுமில்ல. அந்த எண்ணெயக் கொஞ்சம் விடுங்க."

ஒவ்வொன்றாக அசைந்து கொடுத்தன. கடைசி போல்ட் கிறீச்சென்று கத்தியதில் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணைத் திறந்தபோது அது முழுசாக அவள் உள்ளங்கையில் இருந்தது.

மூடியைத் தூக்கினாள். மேல் சிலிண்டருக்குத் தண்ணீர் போகும் வழியின் வாயில் கறுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. நூல் பிடுங்கும் தன் இடுக்கியைக் கொண்டுவந்து கொடுத்தார் கணவர். ஒரு இறகு வந்தது. இன்னொன்று வந்தது. அதற்கடியில் கல்லாகிப்போன பழைய துண்டுகள் சேறோடு சேறாக வந்தன. அவர் எல்லாவற்றையும் தாளில் பரப்பிச் சக்கரத்தோடு பொருத்திப் பார்த்தார்.

"இதெல்லாம் இதோடது இல்லையே."

"அது போன வருஷத்தோடது. இது அதுக்கும் முந்தினது" என்றவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் அழாத அழுகையும் அதோடு சேர்ந்து வந்தது.

வழிகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மூடப் போனாள். அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "இந்தச் சக்கரத்தோட இறகுல ரெண்டுதான் வந்திருக்கு. இன்னும் ஒண்ணு பாக்கி."

"போதுங்க, வழி நல்லாத் தெளிஞ்சுடுச்சு."

"எங்க கம்பெனில புது ஊசி தர மாட்டாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தேடினாள். மூடியின் உட்பக்க வளைவில், ஒட்டியதுபோல் படிந்து கிடந்தது மூன்றாவது. விட்டிருந்தால் படகு பாதி ஏரிகூடத் தாண்டியிருக்காது. அவள் அதை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

திங்கட்கிழமை காற்று எதிர்த்து அடித்தது. படகு நிறைய ஆள். செயலாளர் பின்னால் எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்து தாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதப் பாத்து ஏமாந்தது போதும்ணே" என்று சொல்லிவிட்டு அக்கா முழு வேகம் கொடுத்தாள். நடு ஏரி வந்தது, தாண்டியது. எஞ்சின் சுதி மாறாமல் ஓடியது. அவள் மனசு அதைவிட வேகமாக ஓடியது.

அக்கரையில் எஞ்சினை நிறுத்தி அதன் வெளிக்கூட்டைத் தூக்கினாள். "இப்ப வைங்க கைய." செயலாளர் பயந்து பயந்து தலையின் மேல்பாகத்தில் விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். எடுக்கவே இல்லை. கரையில் இருந்த ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

"எந்த மெக்கானிக் பாத்தான்?"

"நாந்தான் பாத்தேன். இறக எண்ணச் சொன்னது மட்டும் எங்க வீட்டுக்காரர்" என்று நடந்ததைச் சொன்னாள்.

யாரும் சிரிக்கவில்லை. தாங்கள் தூக்கிப் போட்ட சக்கரங்களில் எத்தனை இறகு இருந்தது என்று அவரவர் யோசிப்பது முகத்திலேயே தெரிந்தது. முந்தின நாள் மாலையே இந்தக் கரையில் கட்டிவிட்டுப் போயிருந்த தன் படகைச் செயலாளர் ஒரு பார்வை பார்த்தார். திரும்பிப் போகும் நடை அவருடையது, அதில் ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள்.

"எறங்குங்கப்பா எல்லாரும்" என்றார் அவர். "அக்கா படகுல ஏறுங்க. என் எஞ்சினத் தொறந்து பாக்கற வரைக்கும் எந் நடையும் அவளோடதுதான்."

அக்கா அன்று இரண்டு நடையையும் ஓட்டினாள்.