கதவை மறித்து நின்றவள்

ஜினிஷா என்ற பெயரைக் கிரேசி முதலில் கேட்டது மாதா கோவிலில்தான். அவளுடைய இறந்துபோன தங்கையின் மகன் பிரபினுக்குக் கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்த ஞாயிற்றுக்கிழமை அது. குளச்சல் பெண், அதிகம் வாய் திறக்காது என்றார்கள். கிரேசியே மாமியாராக நின்று அவளை இராஜாக்கமங்கலத்துக்கு அழைத்து வந்தாள்.

ஜினிஷாவின் மகன் ஆன்றோவுக்கு இரண்டு வயதில் நெஞ்சில் சளி கட்டியது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரபின் மஸ்கட்டில் இருந்தான். சளி இளகி, வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தபோது புதுக் காய்ச்சல் வந்தது. கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது, போடுகிற ஊசி எதற்கும் அது அசையவில்லை என்றார் டாக்டர். இன்னும் ஒரே மருந்துதான் பாக்கி, அதுவும் கேட்டால் கேட்கும். பிள்ளையைத் தனி அறைக்கு மாற்றினார்கள். இந்தக் கிருமி கைவழியாகப் பரவும், யாரையும் தொடவிடாதே என்று நர்ஸ் ஜினிஷாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

கடற்கரையில் சுகமில்லாத பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் கோவில் எண்ணெயைப் பெருவிரலில் தொட்டு நெற்றியில் சிலுவை அடையாளமாகக் குருசு வரைவார்கள். பார்க்க வராதவரைக்கூட மன்னிப்பார்கள், வந்து வரையாமல் போனவரை மன்னிக்கமாட்டார்கள். அன்று சொந்தம் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியது. ஜினிஷா கதவை மறித்து நின்றாள்.

"வெளியில நின்னு பாருங்க மாமி. பிள்ளையத் தொடப்பிடாது."

"ஏட்டி, நான் என்ன நோயையா கொண்டு வந்திருக்கேன்? எண்ணெயாக்கும்," என்றாள் கிரேசி.

"கைதானே மாமி தொடும்."

அவள் குரலை உயர்த்தவில்லை, நகரவும் இல்லை. கிரேசிக்குப் பிள்ளை முதலில் கிடந்த பழைய வார்டு நினைவுக்கு வந்தது. அங்கே கட்டில் கட்டிலாகப் போய், யார் பெற்ற பிள்ளையானால் என்ன என்று எல்லாருக்கும் அதே விரலால் வரைந்துவிட்டு, கடைசியாக ஆன்றோவுக்கு வரைந்திருந்தாள். அதனால்தான் புதுக் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

கடைசி மருந்தும் பிடிக்கவில்லை. ஒரு மத்தியானம் பிள்ளை போய்விட்டான். ஜினிஷா அழுததை யாரும் பார்க்கவில்லை. பிரபின் அடக்கத்துக்கு வந்தான், விடுப்பு முடிந்ததும் போனான்.

அதன்பிறகு பேச்சு தொடங்கியது. ஒரு குருசுகூட வரையவிடாமல் பிள்ளையைக் கொன்றவள் என்றார்கள். கிரேசியின் முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். கிரேசி தலை நிமிராமல் மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்த ஜினிஷாவுக்கு எல்லாம் கேட்டது. மாமி ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாளோ என்னவோ. அரிசியை உலையில் போட்டுவிட்டு, உடுதுணியை ஒரு பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஜினிஷா இப்போது குளச்சலில், அவளுடைய அம்மை வீட்டில் இருக்கிறாள்.