மூன்று நிமிடத்துக்குள்

வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் நான்கு நாளாகக் கிடந்தது. என் கணவர் பட்டாபி அதில் கையெழுத்திட்டால், ஹூக்ளி ஆற்றில் இன்னும் நான்கு படகுத்துறைகளில் ஒரே மாதிரி கம்பித் தடுப்பு நடுவார்கள். போடாவிட்டால் இருபத்திரண்டு வருஷ வேலை என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது. நாங்கள் அந்தக் காகிதத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டோம்.

இவர் வேலையை அக்கம்பக்கத்தில் விளக்கி விளக்கி அலுத்துப் போனவள் நான். ஹவுராவில் எங்கள் மேல்வீட்டு வங்காள மன்னி, நான் பௌதி என்று கூப்பிடுகிறவள், இவர் ஆபீசில் கம்ப்யூட்டர் கேம் விளையாடுகிறார் என்றே இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. ஒரு துறையில் வரிசையை ஐந்து விதமாக அமைக்கலாம் என்றால், ஐந்தையும் கட்டிப் பார்க்க முடியுமா? இவர் கம்ப்யூட்டருக்குள் அந்தத் துறையைக் கட்டுவார். அதில் பொய்யான காலைப்பொழுதுகளை ஓட்டுவார். ஒரு காலை மழை கொட்டும். ஒரு காலை டிக்கெட் வாங்குகிறவர் சில்லறைக்குத் தடவுவார். ஒரு காலை ரயில் தாமதமாக வந்து கூட்டம் மொத்தமாக இறங்கும். அதே காலையை ஐந்து அமைப்புக்கும் கொடுத்துப் பார்ப்பார், ஒரே மாவை ஐந்து கல்லில் ஊற்றுவது போல. இன்று ஜெயித்த அமைப்பு நாளை தோற்கும். அதனால் நூற்றுக்கணக்கான காலைகளை ஓட்டினால்தான் எது நல்லது என்று வாயைத் திறக்கலாம்.

எத்தனை நூறு என்பது இவர் முதலிலேயே எழுதிவைக்கும் ஓர் எண்ணைப் பொறுத்தது. ஒருவர் சராசரியாகக் காத்திருக்கும் நேரத்தில், இரண்டு அமைப்புகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் வரை நமக்குக் கவலையில்லை? அதுதான் அந்த எண். அதைக் குறைத்தால் வேலை ஏறும். மூன்று நிமிடத்தை ஒரு நிமிடமாக்கினால் மூன்று மடங்கு இல்லை, ஒன்பது மடங்கு காலைகள் வேண்டும். முன்பெல்லாம் இதைச் சொல்லும்போது இவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு, முதல் துறைக்கு இவர் எழுதிய எண் மூன்று. பூஜை விடுமுறைக்கு முன்னால் அறிக்கை போயாக வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரோ பழசு. ஒரு நிமிடம் என்று எழுதினால் அது தசமி வரை ஓடிக்கொண்டிருக்கும். பஞ்சமி அன்று பூரி ஜகந்நாதரைப் பார்க்க ரயில் டிக்கெட் எடுத்திருந்தோம். எடுத்தவள் நான். "மூணு நிமிஷத்துல என்னன்னா குடி முழுகிடப் போறது? போட்டுட்டு வாங்கோ" என்று சொன்னவளும் நான். போட்டுவிட்டு வந்தார். கடற்கரையில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

அந்த அறிக்கை மூன்றாவது அமைப்பைத் தேர்ந்தெடுத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயமாக, இது சிறந்தது, அல்லது சிறந்ததைவிட மூன்று நிமிடத்துக்கு மேல் மோசமாக இருக்காது. இப்படித்தான் எழுதியிருந்தார். ஒரே கதவு, ஒரே வளைந்த வரிசை. ஐந்தாவது அமைப்பில் மாதப் பாஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனி வழி உண்டு. மூன்றாவதில் பாஸ்காரர்களும் டிக்கெட் வாங்குகிறவர்களின் பின்னால்தான் நிற்க வேண்டும். கம்பிகளை நட்டார்கள். அதே துறையில்தான் இவரும் தினமும் படகேறி அக்கரையில் இருக்கும் ஆபீசுக்குப் போகிறார். எந்தத் துறை என்று நான் சொல்லப் போவதில்லை.

வரிசையில் பழக்கமானவள் சாதனா. ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. ஒன்பது மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், எட்டு நாற்பது படகை விட்டால் அடுத்தது ஒன்பதுக்குத்தான். ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதமானால் பெயரை எடுத்துவிடுவார்கள். பாஸைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னால் சில்லறை தேடுகிறவரின் முதுகைப் பார்த்தபடி நிற்பாளாம். "இந்த வேலியைப் போட்டவன் எவனோ, ஒரு நாளாவது இதில் நின்றிருப்பானா, பட்டாபிதா?" என்று ஒருமுறை வங்காளத்தில், அண்ணா முறை வைத்து, இவரையே கேட்டிருக்கிறாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு இவர் படகேறிவிட்டார். ஜூலைக் கடைசியில் அவளுக்கு மூன்றாவது தாமதம் விழுந்தது. அதற்குப் பிறகு அவளை அந்த வரிசையில் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே இன்னும் நான்கு துறைகளுக்கான உத்தரவு வந்தது. புதிதாக எதையும் ஓட்ட வேண்டாம், பழைய அறிக்கையே பொருந்தும் என்று இவர் கையெழுத்துப் போட்டால் போதும். இவர் எங்கள் மகள் அனன்யாவின் லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"அப்பா, எனக்கு சப்மிஷன் இருக்கு, ப்ளீஸ்" என்று அவள் கெஞ்சினாள். ஜாதவ்பூரில் படிக்கிறாள். இவர் காதில் விழவில்லை. கவலைப்படாத அளவை ஒரு நிமிடமாகக் குறைத்து, பதினொரு நாள் ஓட்டினார். ஐந்தாவது அமைப்புதான் நல்லது என்று வந்தது. வித்தியாசம் இரண்டரை நிமிடம்.

"ரெண்டரைதானே" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"அது சராசரி, விஜயா. யாருக்கும் ரெண்டரை நிமிஷம் போகலை. எட்டுப் பேர்ல ஏழு பேருக்கு ஒண்ணுமே ஆகலை. எட்டாவது ஆளுக்கு ஒரு படகே போயிடறது. முழுசா இருபது நிமிஷம். அதை எட்டால வகுத்துட்டு நான் ரெண்டரைன்னு எழுதறேன்."

நான் எடுத்த டிக்கெட்டுக்காக ஒருத்தி வேலையை இழந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் மேனேஜர் சிவராமகிருஷ்ணனிடம் போனார். லேக் கார்டன்ஸில் வீடு, கொலுவுக்கு வருஷம் தவறாமல் எங்களைக் கூப்பிடுகிறவர். கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன், அதற்கும் வழியில்லை. அங்கே நடந்ததை இவர் வந்து அப்படியே சொன்னார்.

"ரெண்டரை மூணுக்குள்ள இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அந்த மூணை யார் போட்டா?"

"நான்தான்."

"அப்போ உன் அறிக்கையில தப்பே இல்லையேடா. நீ சொன்ன உத்தரவாதம் அப்படியே நிக்கறது. சரியா இருக்கற அறிக்கையை என்னன்னு சொல்லி வாபஸ் வாங்கறது?"

"மூணுங்கறதே தப்பு சார். பூஜை லீவுக்காகப் போட்டேன்."

சிவராமகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாராம். "இதை எழுத்துல கொடுப்பியா? கொடுத்தா, இத்தனை வருஷமா நீ பண்ணின அறிக்கை ஒவ்வொண்ணுலயும் அந்த எண்ணை எதுக்காகப் போட்டேன்னு கேப்பா. பதில் வச்சிருக்கியா?"

ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஓர் அவசரம் இருந்திருக்கிறது. தப்புச் செய்தவன் மன்னிப்பாவது கேட்கலாம். இவர் செய்தது தப்பே இல்லை என்று இவருடைய கணக்கே சொல்லும்போது, யாரிடம் போய் என்ன கேட்பது? இவர் போட்ட எண்ணுக்குள்ளேயே இவரை வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் தடுக்கவில்லை. அனன்யாவுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. பேனாவை எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

ஒரு மாதம் கழித்து சிவராமகிருஷ்ணனே எனக்குப் போன் செய்தார். "என்னம்மா, பட்டாபிக்கு உடம்பு ஏதாவது? தினமும் பத்துக்கு மேலதான் வரான்."

எட்டு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர்! மறுநாள் முக்காடு போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். என் வயதில் இது தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டுதான் போனேன்.

துறையில் நல்ல கூட்டம். வளைந்து வளைந்து நகர்ந்து இவர் கதவருகே போனார். காவலாளி கதவை இழுக்கக் கை வைத்துவிட்டான். இன்னும் ஒருவர்தான் உள்ளே போகலாம். இவர் கம்பியோடு ஒட்டி நின்று, பின்னால் பாஸோடு நின்ற ஒரு பெண்ணை முன்னால் விட்டார். கதவு மூடியது. படகு போயிற்று. அடுத்த படகுக்கும் அப்படியே, இந்த முறை சாப்பாட்டுத் தூக்கோடு வந்த ஒரு பெரியவரை. மூன்றாவது படகுக்கும் அதேதான். அவர்களில் யாரும் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போய்க் கையைப் பிடித்தேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஏன்னா, என்ன பைத்தியக்காரத்தனம் இது? தினம் நாலு பேரை ஏத்தி விட்டுட்டா எல்லாம் சரியாயிடுமா? ஆத்துக்கு அடியில மெட்ரோ ஓடறது, பேசாம அதுல போங்கோளேன்."

என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. கையை நீட்டிக் காட்டினார். இதே கரையில் கொஞ்ச தூரம் தள்ளி, அடுத்த துறையில், லாரியிலிருந்து கம்பிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இங்கே நான் நிக்கறேன், விஜயா. அங்கே யார் நிப்பா?"