நூர் பீவி ஏற மறுத்த கூரை

ரங்கூன் என்ற யாங்கோன் நகரில், அலோன் படகுத்துறையை ஒட்டிய கிடங்கு ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் தார்ப்பாய்க்குப் பொறுப்பாளராக இருந்தவர் கபீர். அரிசி மூட்டைகளின்மீது தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும், மழை ஓய்ந்ததும் அதை உலர்த்தி மடித்து வைப்பதுமே அவருடைய வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தோன்றாது. ஆனால், மூட்டைக் குவியலின் உச்சி தட்டையாக இருந்தால் தார்ப்பாயில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் எவ்வளவு கெட்டியான துணியையும் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். ஆகவே, உச்சியில் இரண்டு மூட்டைகளைக் குறுக்கே போட்டு, கூன் வைத்துத்தான் கட்ட வேண்டும். இந்த ஒரு பாடத்தை அவர் உயிருள்ளவரை மறக்கப் போவதில்லை. அதுவே அவருக்குத் தொல்லையாகவும் வந்து முடிந்தது.

கிடங்கு கை மாறி வேலை போன பிறகு, பாகம் பாகமாக வாங்கிக் கோத்த ஜீப் ஒன்று அவரிடம் வந்து சேர்ந்தது. இயந்திரம் ஒரு பழைய வேனுடையது, சக்கரங்கள் வேறொன்றினுடையவை, உடற்பகுதி தகரப் பட்டறையில் அடித்தது. அந்த நாளில் யாங்கோன் தெருக்களில் அப்படிப்பட்ட வண்டிகள் நிறையவே ஓடின. கபீரின் வண்டிக்குக் கூரை மட்டும் இல்லை. அவர் அதை வாங்கியதே மனைவி நூர் பீவிக்காகத்தான். மூச்சு இழுப்பு நோயால் பாதி உடம்பாகிவிட்ட அவரால், ஆட்கள் பின்படியில் தொங்கிக்கொண்டு போகும் பேருந்தில் ஏற முடியாது. செவ்வாய்தோறும் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஏப்ரலில், திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவின் இரண்டாம் நாள் நூர் பீவிக்கு இழுப்பு முற்றியது. கபீர் வேறெதையும் எண்ணாமல் அவரைத் திறந்த ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். திஞ்சானில் திறந்த ஜீப்பை ஓட்டிப் போவது, "என்மேல் ஊற்றுங்கள்" என்று கூவிக்கொண்டு போவதற்குச் சமம் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். பந்தலுக்குப் பந்தல் குழாயைத் திருப்பி அடித்தார்கள். கபீர் கையெடுத்துக் கும்பிட்டார். அதையும் விளையாட்டென்றே எண்ணிச் சிரித்தார்கள். மருத்துவமனையை அடைந்தபோது நூர் பீவியின் உதடுகள் நீலம் பூத்திருந்தன. பன்னிரண்டு நாள் படுக்கை. சயாமா என்று எல்லாரும் அழைக்கும் பெண் மருத்துவர், கபீரைத் தனியே அழைத்துச் சொன்னார்: "இன்னொரு முறை இப்படி நனைந்தால் என்னால் ஆவது ஒன்றுமில்லை."

அந்த ஆண்டின் மழைக்காலச் செவ்வாய்களில் அதே தெருவிலிருந்த உதுமானின் வாடகைக் காரில் போய் வந்தார்கள். பிறகு உதுமான் காரை விற்றுவிட்டு மோல்மீன் நகருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். ஆகவே, அடுத்த திஞ்சானுக்குள் ஜீப்பிற்குக் கூரை போட்டே தீர வேண்டும் என்று கபீர் முடிவு செய்தார்.

தார்ப்பாய் அவரிடமே இருந்தது. கிடங்கிலிருந்து விடைபெற்றபோது கொடுத்த பச்சைத் தார்ப்பாய், தையல் பிரியாதது. அதைத் தாங்குவதற்கு வளையங்கள்தாம் வேண்டும். முக்கால் அங்குலத் தண்ணீர்க் குழாயில் மூன்று வளையங்கள் என்று கணக்கிட்டார். இழுப்பு வந்தால் நூர் பீவியால் குனிந்து உட்கார முடியாது; நிமிர்ந்துதான் உட்காருவார். ஆகவே, கூரை உயரமாக இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. ஆகவே, உச்சி வளைந்திருக்க வேண்டும்.

குழாயை வளைப்பதற்கு அடுத்த சந்தில் பற்றவைப்புப் பட்டறை வைத்திருந்த சின்னத்தம்பியிடம் போனார். ஆற்று மணலை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, குழாய்க்குள் தட்டித் தட்டி நிரப்பி, இருபுறமும் மரக்கட்டையால் அடைத்தார்கள். மணல் இல்லாமல் வளைத்தால் குழாய் நசுங்கிவிடும். ஈர மணலோடு சூடு காட்டினால் வெடித்துவிடும்.

"என்ன பாய், இந்த மணலை அரிசி மாதிரி புடைக்கிறீங்க? பிரியாணி போடப் போறீங்களா?" என்றார் சின்னத்தம்பி.

"வெடிச்சா உன் மீசைதான்டா முதல்ல போகும்."

"போனா போகட்டும். அது இருந்தும் என் வீட்ல ஒரு மரியாதையும் கிடைக்கல."

வளைவுக்கு அளவு வேண்டுமே என்று சின்னத்தம்பி கேட்டபோது, கபீர் வீட்டுப் பரணிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு வேலைக்காக அவரே வரைந்து வெட்டிய அரைவட்டம். அதைப் பலகையின்மேல் வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக்கிக் கோடு போட்டு, கோட்டின்மேல் ஆணிகளை அடித்தார். பழுக்கக் காய்ந்த குழாய், அந்த ஆணிகளைச் சுற்றிச் சொன்னபடி வளைந்தது. மூன்று வளையங்களும் ஓர் அச்சில் வார்த்தவைபோல் அமைந்தன. ஜீப்பின் பக்கவாட்டில் சற்றுப் பெரிய குழாய்த் துண்டுகளைப் பற்றவைத்து, வளையங்களின் கால்களை அவற்றில் செருகி, முளை அடித்தார். முன்னிருந்து பின்னாக நாடாப் பட்டைகளை இழுத்துக் கட்டி, மேலே தார்ப்பாயைப் போர்த்தினார். ஒரு வாளித் தண்ணீரை உச்சியில் கொட்டினார். ஒரு சொட்டும் நிற்காமல் இருபுறமும் வழிந்தோடியது. நெடுநாளுக்குப் பிறகு அவருக்கு மூச்சு நேராக வந்தது.

வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி நூர் பீவியை அழைத்தார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். அவருக்குப் பின்னால், கபீரின் தங்கை ஃபக்ருன்னிசாவும் வந்தாள். வந்தவள் வாயில் கையை வைத்தாள்.

"யா அல்லாஹ்! காக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? பள்ளிவாசல் சந்தூக்கைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தின மாதிரில்ல இருக்கு!"

கபீர் அப்போதுதான் பார்த்தார். மய்யித்தைக் கிடத்தி அடக்கத்துக்குச் சுமந்து செல்லும் சந்தூக்கின்மேல் கவிழ்க்கும் வளையங்கள். அவற்றின்மேல் போர்த்தும் பச்சைத் துணி. மூன்று ஆண்டுகளுக்கு முன் துருப்பிடித்துப் போன அந்த வளையங்களைப் பள்ளிவாசலுக்காகப் புதிதாக வளைத்துக் கொடுத்தவர் அவரே. பரணில் கிடந்த அட்டை அதற்காக வெட்டியது. அளவு மட்டும்தான் இரு மடங்கு. மற்றபடி வளைவும் அதே, பச்சையும் அதே. தண்ணீர் நிற்கிறதா என்பதையே பார்த்துக்கொண்டிருந்த கண்களில் இது படவே இல்லை.

நூர் பீவி வாசற்படியில் நின்று வண்டியை ஒரு முறை முன்னிருந்து பின்னாகப் பார்த்தார்.

"நான் அதுல ஏறுறதுக்கு இன்னும் நாள் இருக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு கபீர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இது வெறும் இரும்பு என்றார். துணிக்கு நிறம் ஒரு பொருட்டா என்றார். நூர் பீவி தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். மார்ச் மாதம் முழுவதும் கோடை வெயில். ஆகவே, செவ்வாய்க்கிழமைகளில் வளையங்களைக் கழற்றி வைத்துவிட்டுத் திறந்த வண்டியிலேயே அவரை அழைத்துச் சென்று வந்தார். ஆனால், நாள்காட்டியில் திஞ்சான் நெருங்கிக்கொண்டிருந்தது. இரவில் மனைவியின் மார்பிலிருந்து எழும் சீழ்க்கை ஒலியைக் கேட்டபடி அவர் விழித்துக் கிடந்தார்.

கடைசியில் சின்னத்தம்பியிடம் போய், வளையங்களை அறுத்துத் தோள் இரண்டையும் சதுரமாக்கித் தரும்படி கேட்டார்.

"சதுரமாக்கினா தண்ணி நடுவுல நிக்கும்னு நீங்கதானே பாய் எனக்கே பாடம் எடுத்தீங்க?"

"நின்னா நிக்கட்டும். அறுத்துக் கொடு."

"எதை வச்சு அறுக்க? கேஸ் தீர்ந்துபோச்சு. திஞ்சான் முடிஞ்சு கடை திறந்தாத்தான் உண்டு. இப்ப ரங்கூன்ல வேலை செய்யறவன் யாரு இருக்கான், நீங்களே சொல்லுங்க."

இழுப்பு அதற்காகக் காத்திருக்கவில்லை. திஞ்சானின் முதல் நாள் நண்பகலில் நூர் பீவி பாயில் எழுந்து உட்கார்ந்தார், பேச்சு வரவில்லை. கழுத்து நரம்புகள் கயிறுகளாகப் புடைத்தன. ஃபக்ருன்னிசா தெருமுனைக்கு ஓடி, வாடகை வண்டி ஒன்றுமில்லை என்று தலை முதல் கால் வரை நனைந்து திரும்பி வந்தாள். பெரிய சாலையில் பாட்டும் கூச்சலும் தண்ணீர் இரைச்சலுமாக இருந்தது.

கபீர் வளையங்களைச் செருகித் தார்ப்பாயைக் கட்டினார். கட்டி முடித்ததும் கை நின்றுவிட்டது. இதில் எப்படி ஏறச் சொல்வது? முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

"வேணாம்னா எடுத்துடறேன். போர்வையைப் போத்திக்கிட்டுப் போயிடலாம். எப்படியாவது..."

நூர் பீவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். வேண்டாம் என்று தலையை அசைத்தார். பிறகு, ஃபக்ருன்னிசாவின் தோளைப் பற்றிக்கொண்டு தாமே காலைத் தூக்கி வைத்து ஏறினார். சாய்ந்துகொள்ளட்டும் என்று ஃபக்ருன்னிசா தலையணையை வைத்தபோது, அதைத் தள்ளிவிட்டார். நடு வளையத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, முதுகு எதிலும் படாமல், கம்பம்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். போகும் வழியெல்லாம் அப்படியேதான் இருந்தார்.

குலுக்கல் தாங்காது என்பதால் கபீர் நடையின் வேகத்திலேயே ஓட்டினார். பெரிய பந்தலின் முன் ஐந்தாறு இளைஞர்கள் தீயணைப்புக் குழாயைப் போன்ற தடித்த குழாயைத் தோளில் ஏந்தி நின்றார்கள். முன்னால் போன வண்டி அருவிக்குள் நுழைந்ததுபோல் மறைந்தது. இந்த வேகத்தில் அடித்தால் பக்கங்களில் தொங்கும் துணி தாங்காது என்று தார்ப்பாயை அறிந்தவருக்குத் தெரியும். குழாய் இவர்கள் பக்கம் திரும்பியது. கபீர் வாய்க்குள் கலிமாவைச் சொன்னார்.

அப்போது பந்தலிலிருந்து ஒருவன் பர்மியில் உரக்கக் கத்தினான்: "நிறுத்துடா! முஸ்லிம்களோட சாவு வண்டிடா அது! விடு, போகட்டும்!"

குழாய் தரையை நோக்கித் தாழ்ந்தது. பாட்டைக்கூட யாரோ குறைத்தார்கள். ஓர் இளைஞன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். ஒதுங்கி வழிவிட்ட கூட்டத்தின் நடுவே ஜீப் மெல்ல ஊர்ந்தது. கபீரால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. வளையத்தைப் பிடித்திருந்த அந்தக் கையின் மோதிரம் இரும்பில் பட்டு, சிறு சத்தம் எழுப்பிக்கொண்டே இருந்தது. அதை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினார். அடுத்த பந்தலிலும் அப்படியே நடந்தது, அதற்கடுத்ததிலும் நடந்தது.

மருத்துவமனையில் சயாமா நூர் பீவியின் முக்காட்டைத் தொட்டுப் பார்த்தார், உலர்ந்திருந்தது. கபீரை நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஊசியை எடுத்தார்.

மறுநாள் மாலையில்தான் நூர் பீவிக்குப் பேச்சு வந்தது.

"பந்தல்ல அந்தப் பையன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. வழி விடச் சொன்னான்."

"எனக்கும் பர்மி தெரியும்" என்றார் நூர் பீவி. "நல்ல பையன். அவன் நல்லாருக்கட்டும். ஆனா இனிமே என்னை யாரும் அப்படிப் பார்த்து ஒதுங்கக் கூடாதுங்க."

திஞ்சான் முடிந்து பட்டறை திறந்த அன்று காலையில், முதல் வேலையாகக் கபீர் மூன்று வளையங்களையும் தோளில் சுமந்து சென்றார். சின்னத்தம்பி அறுத்து, சதுரத் தோள் வைத்து, பற்றவைத்துக் கொடுத்தார். பரணிலிருந்த அட்டையைக் கபீர் பள்ளிவாசலிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். தார்ப்பாய்க்கு நூர் பீவி சொன்னபடி செங்காவி நிறம் ஏற்றினார்.

மே மாதக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அந்தச் செவ்வாயன்று பாதி வழி போவதற்குள்ளேயே, தட்டைக் கூரையின் நடுவில் தண்ணீர் தேங்கி, துணி தொட்டிலைப்போல் தொங்கியது. கபீர் வண்டியை ஓரங்கட்டி, பின்பக்கம் ஏறி, குடைக்காம்பினால் உள்ளிருந்தபடியே தூக்கிவிட்டார். தண்ணீர் சாலையில் மடேரென்று விழுந்தது. அரை மைல் போனதும் மறுபடியும் தேங்கியது, மறுபடியும் நிறுத்தினார்.

"மூட்டைக்குன்னா ஒழுங்கா கட்டுவீங்க" என்றார் நூர் பீவி, சாய்ந்து உட்கார்ந்தபடியே.

"மூட்டை இவ்வளவு பேசாதுல்ல" என்றார் கபீர். குடையை மீண்டும் உயர்த்தினார்.