ஆக்கள் இருக்கிற இடம்

இன்று பாரிஸின் லா சப்பலில், மரக்கறிக் கடையில் குணம் அண்ணையைக் கண்டேன். எண்பதுகளில் தன் குடும்பத்தையும் எங்கள் குடும்பத்தையும் காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் ஒரு பழைய கரவான் வீட்டோடு காட்டுக்குக் கூட்டிப் போனவர்.

காட்டுக்குள் கரவான் நிறுத்தும் திடல் அன்று வெறுமையாகக் கிடந்தது. ஒரு மூலையில் மட்டும் ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் கரவான் நின்றது. அண்ணை நேரே அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஆக்கள் இருக்கிற இடம்தான் நல்ல இடம். அவைக்குத் தெரியும்."

மறுநாள் காலை நாங்கள் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் திடலின் மற்றக் கரைக்கு மாறினார்கள்.

"அங்கை நல்ல நிழல் போலை கிடக்கு" என்றார் அண்ணை. நாங்களும் பின்னால் போனோம்.

பின்னேரம் அவர்கள் காட்டையே விட்டுப் போய்விட்டார்கள். அண்ணைக்குக் கவலை.

"பாவம், என்ன அவசரமோ?"

இன்று கேட்டேன்: "இப்பவும் கரவானோடை போறனீங்களோ?"

"ஓம். இப்ப ஆளில்லாத இடமாப் பாத்துத்தான் நிப்பாட்டுறது. போன கிழமை ஒரு தமிழ்க் குடும்பம் பக்கத்திலை வந்து ஒட்டிக்கொண்டு நிண்டுது. நாங்கள் இடம் மாறினம்."

"பிறகு?"

"அவையும் பின்னாலை வந்திட்டினம்."

அந்தக் குடும்பத்தில் யாராவது இதை வாசித்தால் கீழே கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். அண்ணை மாறிப்போன இடத்தில் நிழல் எப்படி?