எண்ணெயில் சர்க்கரை

என் கொழுந்தனார் துபாயில் ஓர் ஓட்டலில் வேலை செய்கிறார். அங்கேயே வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, போன கோடையில் முதல்முறையாகத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தார். வீட்டில் கேட்காமல் நடந்த கல்யாணம் என்பதால் மாமனார் மகனோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். "வந்தவங்களுக்குச் சோறு போடும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதுப் பெண்ணுக்குத் தெரிந்த தமிழ் நாலைந்து சொற்கள்தான். அக்கா, தண்ணி, காரம், போதும். என் ஆங்கிலமும் கிட்டத்தட்ட அதே அளவு. அதனால் சமையலறையில் நாங்கள் சிரித்தே காலம் தள்ளினோம்.

ஒருநாள் என் கணவர் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் அவள் கன்னத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு "துரோன்!" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வாழைப்பழத்தையும் பலாச்சுளையையும் ஒண்ணா சுருட்டிப் பொரிப்பாங்க அண்ணி. அவங்க ஊர்ல அது நம்ம பஜ்ஜி மாதிரி" என்று கொழுந்தனார் விளக்கினார்.

செய்து பார்த்துவிடுவது என்று முடிவானது. வாழைப்பழத்துக்கு அவளையே மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு தாராக அழுத்திப் பார்த்தாள். பூவன் பழத்துக்குத் தலையாட்டி மறுத்தாள். மஞ்சளாகியும் கெட்டியாக இருந்த மொந்தனைத் தொட்டதும்தான் முகம் மலர்ந்தது. மேலே சுற்றுவதற்கு சமோசா ஷீட் வேண்டும். நான் விழுப்புரத்தில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். தினமும் ரயிலில் போய்வருபவள். ஸ்டேஷன் பக்கத்தில் சமோசா போடுகிறவரிடம் கேட்டேன்.

"இன்னா மேடம், எனக்குப் போட்டியா கடை போடப் போறீங்களா?"

"இல்லங்க, வாழைப்பழத்தைச் சுத்தப் போறோம்."

"வாழைப்பழமா? அத உரிச்சே துன்னலாமே!" என்றார். ஆனாலும் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தம்பி இருவரும் திருவாமாத்தூருக்கு ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். முட்டிவலி என்று மாமனார் வீட்டிலேயே இருந்தார். மொழிபெயர்க்க ஆளில்லாமல் நாங்கள் இருவரும் அடுப்படியில் இறங்கினோம். பழத்தை நீளவாக்கில் நறுக்கினாள், நாட்டுச்சர்க்கரையில் புரட்டினாள், பக்கத்தில் மெல்லிய பலாச்சுளைத் துண்டை வைத்து ஷீட்டில் இறுக்கிச் சுருட்டினாள். ஓரத்தைத் தண்ணீர் தொட்டு ஒட்டினாள். அதுவரை எல்லாம் எனக்குப் பிடிபட்டது. வாணலியில் செக்கில் ஆட்டிய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை எண்ணெய் காய்ந்ததும், ஒரு கை சர்க்கரையை அள்ளி நேராக எண்ணெயிலேயே போட்டாள்.

"ஐயோ! இன்னாம்மா பண்ற? எண்ணெ போச்சே!" என்று கத்திவிட்டேன்.

மாமனார் முட்டிவலியை மறந்து ஓடிவந்தார். "இன்னாச்சு?"

"எண்ணெயில சக்கரையப் போட்டுட்டா மாமா."

அவர் வாணலியை எட்டிப் பார்த்தார். அவளோ பதறவே இல்லை. "வெயிட், அக்கா. வெயிட்."

அடியில் உட்கார்ந்த சர்க்கரை மெல்ல உருகிப் பழுப்பாகி மிதந்து வந்தது. சுருள்களைப் போட்டு அவள் திருப்பத் திருப்ப, பாகு அவற்றின்மேல் ஏறிப் பளபளத்தது. எண்ணெய் வடிய நான் பேப்பரை விரித்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தடுத்தாள். பேப்பரில் வைத்தால் ஒட்டிக்கொள்ளுமாம். சல்லடையில் நிறுத்தி வைத்தாள்.

மாமனார் அடுப்படி வாசலை விட்டு நகரவில்லை. "ஆறினதும் ஒண்ணு குடுக்கச் சொல்லு" என்றார், என்னைப் பார்த்து.

கொடுத்தாள். கடித்தார். கண்ணாடி உடைவதுபோல் ஒரு சத்தம். அப்புறம் அவர் வாய் அசையவே இல்லை. கையை மட்டும் ஆட்டினார். நான் மிளகாய் ஏதாவது பட்டுவிட்டதோ என்று விழித்தேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரு டம்ளர் வெந்நீரை அவர் கையில் கொடுத்து, கிண்ணத்தையும் நீட்டிவிட்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

கிண்ணத்தில் விழுந்தது மாமனாரின் மேல்செட் பல். துரோன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், பொக்கை வாயோடு சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அடக்கிக்கொண்டிருந்த அவளும் வெடித்துவிட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நல்லாத்தாம்மா இருக்கு" என்றார் மாமனார், இந்த முறை அவளையே பார்த்து.

"போதும்?" என்று கேட்டாள் அவள்.

"எங்க போதும்? இன்னொண்ணு குடு. பாகு இல்லாம."

பாகு ஏறாத ஒன்றை அவருக்காகத் தனியாகப் பொரித்தாள். அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, கடைசித் துண்டுவரை ருசித்துச் சாப்பிட்டார்.

சாயந்திரம் கொழுந்தனார் உள்ளே நுழைந்ததும் மாமனார் உரத்த குரலில், "டேய், உன் பொண்டாட்டி என் பல்லையே புடுங்கிட்டாடா!" என்றார்.

கொழுந்தனார் பயப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் செருப்போடு நின்றார். அப்பா தன்னிடம் பேசியிருக்கிறார் என்பதே அவருக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. "உக்காருடா" என்று மாமனார் நாற்காலியைக் காட்டினார். துபாய் வெயில், சம்பளம், அங்கே அரிசி என்ன விலை என்று கேள்விமேல் கேள்வி. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் இருவரும் எழவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வாணலியின் அடியில் இறுகிப்போன பாகைக் கரண்டியால் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தோம்.